பாடியவர் எடுத்த படங்கள்

ஒரு கலையைப் பல ஆண்டுகள் கற்றுவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறவரைப் பார்த்தால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "இத்தனை நாள் கற்றதெல்லாம் வீணா?" என்பதே அந்தக் கேள்வி. பரதம் பயின்ற பெண் கணக்கியல் படிக்கப் போனாலும், மிருதங்கம் கற்ற பையன் வாகனப் பொறியியலில் சேர்ந்தாலும் இதையே கேட்கிறார்கள். கேட்பவரிடம் அன்பும் உண்டு. செலவழித்த காலத்தையும் காசையும் எண்ணிய கவலையும் உண்டு.

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. ஆயர் குரோவில் வசிக்கும் என் அக்காள் மகன் ஐந்து ஆண்டுகளாக ஓர் உறுமி மேளக் குழுவில் வாசித்து வந்தான். நான்காம் படிவத்துக்குப் போனதும், உறுமியை இன்னொரு பையனிடம் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னான். அக்காள் என்னிடம் வந்து முறையிட்டார்.

"நீயே சொல்லு தம்பி. அஞ்சு வருசமா விரல் காய்ப்புக் காய்ச்சிக் கத்துக்கிட்டான். அதெல்லாம் இனிமே என்னத்துக்கு ஆகும்?"

"வாசிக்கிறவங்கள எடுக்கத்தான் போறேன் மாமா. வேற எங்கயும் போகல," என்றான் அவன்.

நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அந்த இருவருக்கும் ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். நாட்டுப்புறப் பாடகராக இருந்து, பின்னர் ராக் இசைக் கலைஞர்களைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றவர் அவர். பெயர் ஹென்றி டில்ட்ஸ்.

டில்ட்ஸ் 1938ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கான்சஸ் சிட்டியில் பிறந்தார். அவருடைய இளமைப் பருவம் ஓர் ஊரில் நிலைகொள்ளவில்லை. ஜப்பானின் தோக்கியோ, தாய்லாந்தின் பேங்காக், ஜெர்மனி எனப் பல இடங்களில் வாழ்ந்தார். புதிய ஊருக்குப் போகும் சிறுவன் முதலில் ஓரமாக நின்று பார்ப்பான். யார் யாரோடு பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பான். பிறகுதான் கூட்டத்தில் கலப்பான். பிற்காலத்தில் டில்ட்ஸ் படம் எடுத்த முறையைப் பார்க்கும்போது, அந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தபோதுதான் இசை அவரை இழுத்துக்கொண்டது. ஹோனலூலு நகரில் ஒரு காப்பிக் கடை இருந்தது. மாலை நேரங்களில் இளைஞர்கள் அங்கே கித்தாருடன் அமர்ந்து நாட்டுப்புறப் பாடல்களைப் பாடுவார்கள். டில்ட்ஸ் பாஞ்சோ வாசிப்பார். தோல் போர்த்திய வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் வழியாக அமெரிக்காவுக்கு வந்த கருவி. கடல் கடந்து பிழைக்கப் போன நம் முன்னோர் தப்பையும் உறுமியையும் மலாயாவில் மறக்காமல் வைத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். பாஞ்சோவின் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

1962இல் டில்ட்ஸும் நண்பர்களும் 'மாடர்ன் ஃபோக் குவார்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்து, லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1963, 1964ஆம் ஆண்டுகளில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அவர்களுடைய இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது. நான்கு குரல்கள் நான்கு வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் இணைந்து பாடுவது அந்தக் குழுவின் சிறப்பு. இப்படிப் பாடுவது எளிதன்று. நம் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு பாடினால் பாட்டு குலைந்துவிடும். மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். நம் குரல் துருத்திக்கொண்டு நிற்கவும் கூடாது. காணாமல் போகவும் கூடாது. இந்தப் பயிற்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டில்ட்ஸின் மற்ற எல்லாத் திறமையும் இதிலிருந்துதான் வந்தது என்பது என் கருத்து.

காலம் அந்தக் குழுவுக்குச் சாதகமாக இல்லை. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்கில் வந்திறங்கினார்கள். அமெரிக்க இளைஞர்களின் காது மின்கித்தார் பக்கம் திரும்பியது. நாட்டுப்புறப் பாடகராகப் புகழ் பெற்றிருந்த பாப் டிலனே 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்கித்தாருடன் மேடையேறினார். டில்ட்ஸின் குழுவும் மின்கருவிகளுக்கு மாறிப் பார்த்தது. ஆனாலும் பெரிய வெற்றி கிட்டவில்லை. 1966இல் குழு கலைந்தது. டில்ட்ஸுக்கு அப்போது ஏறக்குறைய 28 வயது. பாட்டைத் தவிர வேறு தொழில் தெரியாது.

ஆனால், குழு கலைவதற்குச் சற்று முன்பு ஒரு சிறிய செயல் நடந்திருந்தது. இசைப் பயணத்தில் இருந்தபோது, மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில் ஒரு பழம்பொருள் கடையின் முன் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே டில்ட்ஸ் 20 டாலருக்குப் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். பயணம் முழுவதும் நண்பர்களையும் வழியில் கண்டவற்றையும் விளையாட்டாகப் படம் எடுத்தார்.

ஊர் திரும்பிப் படச்சுருளைக் கழுவக் கொடுத்தபோதுதான் அது சாதாரணச் சுருள் அன்று, வில்லைப்படச் சுருள் என்று தெரிந்தது. இன்று திறன்பேசியில் படம் எடுக்கும் உங்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் படம் ஒரு நீண்ட சுருளில் பதியும். சாதாரணச் சுருளைக் கழுவினால் ஒளியும் நிழலும் தலைகீழாக மாறிய எதிர்ப்படம் கிடைக்கும். அதிலிருந்து காகிதத்தில் அச்சிடுவார்கள். வில்லைப்படச் சுருளிலோ உண்மையான வண்ணத்திலேயே படம் வந்துவிடும். ஒவ்வொரு படத்தையும் சிறு சட்டத்தில் பொருத்தி, விளக்குள்ள கருவியில் வைத்தால் சுவரில் பெரிதாகத் தெரியும்.

டில்ட்ஸ் நண்பர்களைக் கூட்டி, இருட்டறையில் அந்தப் படங்களைச் சுவரில் காட்டினார். தாங்கள் சிரித்ததும், வண்டியில் தூங்கி வழிந்ததும், சாலையோரத்தில் நின்றதும் சுவரளவு பெரிதாக ஒளிர்ந்ததைக் கண்டு எல்லாரும் வியந்தார்கள். அந்த ஒளியே தம்மைப் புகைப்படக்காரர் ஆக்கியது என்று டில்ட்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் காட்டுவதற்குப் படம் வேண்டுமே என்று மறுபடியும் எடுத்தார். நண்பர்கள்தாம் அவருடைய முதல் பார்வையாளர்கள். அவர்களே அவர் எடுத்த படங்களில் இருந்தவர்களும்.

அந்த நண்பர்கள் யார்? லாஸ் ஏஞ்சலஸில், ஹாலிவுட்டுக்கு மேலே உள்ள குன்றுப் பகுதி லாரல் கேன்யன். வளைந்து வளைந்து செல்லும் சாலைகளும் மரங்களுக்கிடையே சிறு வீடுகளும் நிறைந்த இடம். டேவிட் கிராஸ்பி, ஸ்டீபன் ஸ்டில்ஸ், ஜோனி மிட்செல், காஸ் எலியட் போன்ற இசைக் கலைஞர்கள் அப்பகுதியில் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். டில்ட்ஸும் அங்கேதான் குடியிருந்தார். அந்தக் குன்றிலிருந்து எழுந்த பாடல்கள் பிறகு உலகமெங்கும் ஒலித்தன. டில்ட்ஸ் அவர்களை எடுக்கத் தொடங்கியபோது அவர்களுள் பலர் இன்னும் பெரும்புகழ் பெறவில்லை. அண்டை வீட்டாரைத்தான் அவர் எடுத்தார். அந்த அண்டை வீட்டார் பின்னாளில் புகழ் பெற்றார்கள்.

அவருடைய முதல் விற்பனையும் ஒரு தற்செயல்தான். 1966இல் 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' என்ற குழுவினர் ஒரு கடற்கரை ஊரில் நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்கப் போனார்கள். டில்ட்ஸும் உடன் போனார். அங்கே ஒரு சுவரில் பெரிய ஓவியம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. அவர் எடுக்க விரும்பியது அந்த ஓவியத்தை. அதன் அளவு விளங்குவதற்காக நண்பர்களைச் சுவரின் முன் நிற்கச் சொன்னார். பிறகு ஓர் இளையோர் இதழ் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி 100 டாலர் கொடுத்தது. படம் எடுத்தால் காசும் கிடைக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன்பின் இசைத்தட்டு உறைகளுக்குப் படம் எடுக்கத் தொடங்கினார். அக்காலத்து இசைத்தட்டின் உறை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். பாடலைக் கேட்பவர்கள் அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உறைகளை வடிவமைத்த கேரி பர்டன் என்பவர் டில்ட்ஸின் நெருங்கிய கூட்டாளி. கலைஞர்களை விளக்குகள் நிறைந்த படப்பிடிப்புக் கூடத்துக்கு அழைத்து நிறுத்தி வைப்பது இருவருக்கும் பிடிக்காது. மாறாக, எங்காவது வெளியே கூட்டிச் செல்வார்கள். 'ஈகிள்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டுக்காக ஜோசுவா ட்ரீ என்ற பாலைவனப் பகுதிக்கே போய், இரவில் தீமூட்டி உட்கார்ந்து, விடியும்வரை கூட இருந்தார்கள். நேரம் ஆக ஆக, கேமரா ஒன்று இருப்பதையே கலைஞர்கள் மறந்துவிடுவார்கள். டில்ட்ஸ் காத்திருந்தது அந்த மறதிக்காகத்தான்.

இரண்டு உறைகளின் கதையை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது 1969இல் வந்தது. கிரஹாம் நாஷ், ஸ்டீபன் ஸ்டில்ஸ், டேவிட் கிராஸ்பி ஆகிய மூவரும் புதிய குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். குழுவுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. மேற்கு ஹாலிவுட்டின் பாம் அவென்யூ தெருவில் ஆளில்லாத சிறு வீடு ஒன்றைக் கண்டார்கள். வீட்டு முன்புறத்தில் பழைய சோபா ஒன்று கிடந்தது. மூவரும் அதில் உட்கார்ந்தார்கள். டில்ட்ஸ் படம் எடுத்தார். அதன்பின் குழுவுக்குக் 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' என்ற பெயர் முடிவானது. படத்திலோ மூவரும் அதற்கு எதிர்வரிசையில் இருந்தார்கள். பெயரின் வரிசைப்படி உட்கார வைத்து மறுபடி எடுக்கலாம் என்று ஓரிரு நாளில் அதே இடத்துக்குப் போனார்கள். வீடு இல்லை. இடித்துத் தள்ளியிருந்தார்கள், பலகைக் குவியல்தான் மிஞ்சியிருந்தது. எனவே, வரிசை மாறிய அந்தப் படமே உறையில் அச்சானது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது கதை அதே ஆண்டு டிசம்பரில் நடந்தது. 'தி டோர்ஸ்' குழுவினர் லாஸ் ஏஞ்சலஸின் சவுத் ஹோப் தெருவில் 'மாரிசன் ஹோட்டல்' என்ற மலிவான விடுதியைக் கண்டுபிடித்திருந்தார்கள். குழுவின் பாடகர் பெயரும் ஜிம் மாரிசன். பெயர்ப் பொருத்தம் பிடித்துப்போய், அந்த விடுதியின் சன்னலுக்குப் பின்னால் நின்று படம் எடுக்க விரும்பினார்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது என்று அங்கிருந்த ஊழியர் மறுத்துவிட்டார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் அந்த ஊழியர் மின்தூக்கியில் ஏறி மேலே போவதை டில்ட்ஸ் கண்டார். உடனே குழுவினரை உள்ளே ஓடச் சொன்னார். அவர்கள் சன்னலுக்குப் பின்னால் போய் நின்றார்கள். டில்ட்ஸ் தெருவிலிருந்து எடுத்தார். சில நிமிடங்களில் ஒரு சுருள் முடிந்தது. வேலையும் முடிந்தது.

அன்று அவர்கள் அப்பகுதியில் இருந்த 'ஹார்ட் ராக் கஃபே' என்ற எளிய மதுக்கடைக்கும் போனார்கள். அதன் முகப்புப் படம் உறையின் பின்பக்கத்தில் வந்தது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் 1971இல் லண்டனில் தொடங்கிய உணவகத்துக்கு அதே பெயரை வைத்தார்கள் என்று டில்ட்ஸ் சொல்வார். அந்த உணவகத்தின் கிளை ஒன்று நம் மலாக்கா ஆற்றங்கரையிலும் திறக்கப்பட்டது. எங்கோ ஒரு தெருவில், ஏதோ ஒரு மாலையில் எடுத்த படம் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது பாருங்கள்!

1969 ஆகஸ்டு மாதம் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணை நிலத்தில் வூட்ஸ்டாக் இசைவிழா நடந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அந்த விழாவின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர் டில்ட்ஸ். விழா தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே அவர் அங்கே போய்விட்டார். தச்சர்கள் வெயிலில் மேடை கட்டுவதையும், பசும்புல்வெளி வெறுமையாகக் கிடப்பதையும் எடுத்தார். விழா முடியும் நாளான திங்கட்கிழமைக் காலையில், கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்த பிறகு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கித்தார் வாசித்ததையும் மேடையில் இருந்தபடி எடுத்தார். பாடகர்களை எடுக்க நூறு பேர் வருவார்கள். மேடை கட்டிய தச்சரை எடுக்க, மேடையில் நின்று பழகிய ஒருவருக்குத்தான் தோன்றும். ஏறி நிற்கும் பலகையின் அருமை அவருக்குத் தெரியும் அல்லவா?

இதைச் சொன்னபோதுதான் என் அக்காளின் முகத்தில் சிறு மாற்றம் தெரிந்தது. கற்றது எங்கே போயிற்று என்பதற்கு விடை கிடைக்கத் தொடங்கியது.

டில்ட்ஸ் பாஞ்சோவை ஒருபுறம் வைத்தார். ஆனால், பாஞ்சோ வாசித்த காலத்தில் கற்ற எதையும் விட்டுவிடவில்லை. பாடகர் எந்த இடத்தில் மூச்சு எடுப்பார், உச்சத்துக்குப் போகுமுன் எப்போது கண்ணை மூடுவார், தாளம் முடியும்போது மத்தளக்காரரின் கை எங்கே உயரும் என்பதெல்லாம் பாடியவருக்குத் தெரியும். வெளியாள் அந்தக் கணத்தைக் கண்டபின் பொத்தானை அழுத்துவார்; அதற்குள் கணம் கடந்துவிடும். உள்ளாள் அது வருமுன்னே விரலைத் தயாராக வைத்திருப்பார். அதோடு, நால்வரில் ஒருவராகப் பாடியபோது கற்றது இன்னொன்று உண்டு. தன்னை முன்னிறுத்தாமல், ஆனால் விலகியும் போகாமல், கூட்டத்தோடு கலந்து இருப்பது. கலைஞர்கள் அவர் முன் இயல்பாக இருந்ததற்குக் காரணம் அதுவே. அவர்கள் கண்ணுக்கு அவர் படம் எடுக்க வந்தவராகத் தெரியவில்லை. தங்களுள் ஒருவராகத் தெரிந்தார்.

அவர் இசையையும் முற்றாக விட்டுவிடவில்லை. பின்னாளில் அந்த நால்வர் குழு மீண்டும் கூடி ஜப்பானில் பாடியது. 2001இல் அவரும் நண்பர்களும் நியூயார்க்கில் இசைப் புகைப்படங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'மாரிசன் ஹோட்டல்'. 2023இல், கிராமி விருது வழங்கும் அமைப்பு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. பாட்டுக்காகத் தொடங்கிய வாழ்வு, படத்தின் வழியாக இசையுலகின் மரியாதையைப் பெற்றது.

இதில் நற்பேறும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டில்ட்ஸ் வேறு ஊரில் குடியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். என் அக்காள் மகனும் அதைத்தான் கேட்டான். "அவருக்கு லாரல் கேன்யன் இருந்திச்சு மாமா. நமக்கு ஆயர் குரோதானே?"

நல்ல கேள்வி. விடை தேட நம் ஊரையே பார்ப்போம்.

இன்று ஆயர் குரோ என்றால் விலங்குத் தோட்டம், ஏரி, சிறு மலேசியப் பூங்கா, நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடி ஆகியவைதாம் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மலாக்கா மாநிலம் ரப்பரின் பழைய வீடுகளுள் ஒன்று. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளுள் ஒருவரான டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசாகானில் பெரிய தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்ட வந்தவர்கள் நம் மக்கள். அவர்களோடு தப்பும் உறுமியும் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் வந்தன.

அந்தத் தோட்டங்களின் பழைய படங்கள் சில இருக்கின்றன. பெரும்பாலும் துரைமார் எடுத்தவை, அல்லது அவர்களுக்காக எடுக்கப்பட்டவை. அவற்றில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள், மரத்தருகே கத்தியோடு நிற்பார்கள், வாளி சுமப்பார்கள். எத்தனை பேர், என்ன வேலை என்பது அந்தப் படங்களில் தெரியும். யார் நன்றாகப் பாடுவார், யாருடைய தப்பைக் கேட்டால் கிழவர்களும் எழுந்து ஆடுவார்கள் என்பது தெரியாது. எடுத்தவருக்கு அது தெரியாதே!

என் பெரியப்பா ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் தப்படித்தவர். திருவிழாவுக்கு முன் விடியற்காலையில் தென்னை ஓலையைக் கொளுத்தி, அந்த அனலில் தப்பைக் காய்ச்சுவார். தோல் இறுக இறுக, விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். சுதி சரியாக வந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் இன்று எங்கள் குடும்பத்தில் மூவர்தாம். படம் ஒன்றுகூட இல்லை. ஒரு திருமணக் கூட்டப்படத்தில் கடைசி வரிசையில், இன்னொருவர் தோளுக்குப் பின்னால் அவருடைய நெற்றி மட்டும் தெரிகிறது.

அவர் வாழ்ந்த லயமும் இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்தன. பாம் அவென்யூ வீடு இடிந்ததைக் கேட்டபோது எனக்கு எங்கள் லயத்தின் நினைவுதான் வந்தது. அந்த அமெரிக்க வீட்டுக்கு ஒரு படம் வாய்த்தது. ஓரிரு நாள் தாமதித்திருந்தால் அதற்கும் வாய்த்திருக்காது. அவ்வளவு ஏன், அந்த மாரிசன் ஹோட்டல் கட்டடமும் 2024 டிசம்பரில் பெருந்தீக்கு இரையாகிவிட்டது. சன்னலும் அதன் பின்னே நின்ற நால்வரும் படத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே, "நமக்கு ஆயர் குரோதானே" என்பதற்கு என் விடை இதுதான்: ஆம், ஆயர் குரோதான், அதனால்தான் எடுக்க வேண்டும். லாரல் கேன்யன்காரர்களை எடுக்க இன்னும் பலர் இருந்தார்கள். இந்த ஊர் உறுமிக்காரர்களை எடுக்க யார் இருக்கிறார்கள்?

மாசி மகத்தன்று செங் வட்டாரத்துச் சன்னாசிமலைக் கோவிலுக்குப் போனால் நிறையக் கேமராக்களைக் காணலாம். பெரும்பாலான கேமராக்கள் காவடியையே பார்க்கும். அதுவும் வேண்டியதுதான். ஆனால், என் அக்காள் மகன் எடுத்த படங்கள் சற்று வேறு மாதிரி இருந்தன. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். மறுமுகத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். தேய்க்கும்போது எழும் அடித்தொண்டை ஒலிதான் உறுமல். அந்தக் குச்சி தோலின்மேல் எந்த அழுத்தத்தில் சறுக்குகிறது என்பதை அவன் கை அறியும். ஒரு படத்தில், வாசிப்பவனின் மணிக்கட்டு திரும்பும் கணம் பதிந்திருந்தது. இன்னொன்றில், நீண்ட நேரம் வாசித்துக் களைத்தவனிடமிருந்து அடுத்தவன் தாளம் அறுபடாமல் மேளத்தை வாங்கிக்கொள்கிறான். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எப்போது வரும் என்று வாசித்தவனுக்கு மட்டுமே தெரியும். அக்காள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "வாசிக்கிறப்ப நீயும் இப்படித்தான்டா பார்ப்ப," என்றார். வீணாயிற்றா என்று அதன்பின் அவர் கேட்கவில்லை.

மாணவர்களே, உங்களுள் பலர் இன்று ஒன்றைக் கற்கிறீர்கள். நாளை வேறொன்றைச் செய்வீர்கள். நாட்டியம் கற்றவர் மருத்துவர் ஆகலாம். கபடி ஆடியவர் ஆசிரியர் ஆகலாம். கற்றது பெயர் மாறி உங்களோடு வரும். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. அதை உண்மையாகக் கற்றிருக்க வேண்டும். டில்ட்ஸ் அரைகுறையாகப் பாடியிருந்தால், அந்த நால்வரின் நடுவே அவரால் நின்றிருக்க முடியாது. நின்றிருக்காவிட்டால், பிறரைக் கேட்டுக்கொண்டே தன் இடத்தில் இருப்பதையும் கற்றிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரிடம் முதலில் இருந்தது 20 டாலர் பழைய கேமரா. ஒரு சுருளில் 36 படம்தான் எடுக்கலாம். எடுத்தது சரியா என்று கழுவி வரும்வரை தெரியாது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் திறன்பேசி அதைவிடப் பல மடங்கு வல்லது. குறை கருவியில் இல்லை. யாரை எடுப்பது என்பதில்தான் இருக்கிறது. கோவிலில் நாதசுவரம் வாசிப்பவர், பழைய பாடல்களைப் பாட்டி மடியில் கற்றவர், மேளத்துக்குத் தோல் கட்டுபவர், ஒப்பாரி பாடத் தெரிந்த கடைசி மூதாட்டி எனப் பலர் உங்கள் தாமானிலேயே இருக்கக்கூடும். முதலில் அவர்களோடு உட்காருங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். அவர்கள் கேமராவை மறக்கும்வரை பொறுத்திருங்கள். எடுத்த பிறகு பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். பெயர் இல்லாத முகம் ஒரு தலைமுறைக்குப் பின் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

பிறகு ஒரு மாலையில், அவர்களையே அழைத்து, அந்தப் படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டுங்கள்.